பழைய எண், புதிய எண்

சுருளிப்பட்டியில் பழம் வெட்டு என்றால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். பந்தலுக்கு அடியில் பெண்கள் கொத்துக் கொத்தாக வெட்டிக் கொடுக்க, பிளாஸ்டிக் பெட்டிகள் நிறைந்து வரப்போரத்துக்கு வந்து சேரும். அங்கே தராசு. தராசுக்குப் பக்கத்தில் மாமா. வியாபாரிகளுக்காக எடை போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அவர் கையில் ஒரு போன். இடுப்பில், பஸ் கண்டக்டர் மாதிரி, சின்னதாக ஒரு பிரிண்டர்.

2023-ம் ஆண்டு கோடையில் ஒருநாள். பெட்டிகளை எல்லாம் எடை போட்டாகிவிட்டது. மாமா போனில் 'சீட்டு' என்ற பட்டனை அழுத்தினார். பிரிண்டர் சும்மா இருந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து மறைந்தது. ரோட்டில் நின்ற வேன் ஹாரன் அடித்தது.

"என்னத்தா இது, நேத்து வரைக்கும் நல்லாத்தேன இருந்துச்சு?"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். முந்தைய இரவு அவள் செய்தது ஒரே ஒரு வேலை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு அந்த ஆண்டுதான் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. "நம்ம சீட்டுலயும் அதப் போட்டுரு பாப்பா" என்று மாமா ஆசைப்பட்டார். சீட்டின் தலைப்பில் அந்த ஒரு வரியைச் சேர்த்து, ஆப்பைப் புதிதாக உருவாக்கி, மாமாவின் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். பிரிண்டர் சம்பந்தப்பட்ட எதையும் அவள் தொடவே இல்லை.

கடைசியில் மாமா பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவால் எழுதிக் கொடுத்தார். அவளுடைய அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

புள்ளி தொலைந்த பன்னீர்

அந்தக் கைச்சீட்டை ஒழிக்கத்தான் அவள் இந்த ஆப்பையே செய்தாள். அப்போது அவள் கல்லூரிக் கடைசி வருடம். வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது சீட்டில் இருக்கும் 1 ஏழாகத் தெரியும், 3 எட்டாகத் தெரியும். காலிப் பெட்டியின் எடையைக் கழித்தார்களா, இரண்டு தடவை கழித்துவிட்டார்களா என்று பேச்சு வளரும். யாரும் யாரையும் ஏமாற்றியதாக இருக்காது. ஆனாலும் சொந்தக்காரர்களுக்குள் முகம் சுருங்கிப்போகும். அப்பாவும் மாமாவும் அப்படி ஒரு முறை மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். நடுவில் அம்மாதான் கிடந்து தவித்தாள்.

'ஆப் இன்வென்டர்' என்று ஓர் இலவசத் தளம் இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் ஆண்ட்ராய்டு ஆப் செய்யலாம். 2010-ல் கூகுள் வெளியிட்டது. 2012 முதல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அதை நடத்துகிறது. அதில் கட்டளைகளை டைப் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டளையும் வண்ணத் துண்டாக, 'பிளாக்' ஆக இருக்கும். 'பட்டனை அழுத்தினால்' என்ற மஞ்சள் துண்டின் வாய்க்குள் 'இதைச் செய்' என்ற ஊதாத் துண்டைக் கொண்டுபோய்ச் சொருக வேண்டும். பொருந்தாத துண்டு உள்ளே போகாது. குழந்தைகளின் படப்புதிர் அட்டை போலத்தான்.

எடைகளைக் கூட்ட, கழிக்க, விலையால் பெருக்க பிளாக்குகள் இருந்தன. புளூடூத் வழியாக பிரிண்டருக்கு எழுத்துகளை அனுப்பவும் இருந்தது. அனுப்பினாள். எண்கள் அழகாக வந்தன. தமிழ் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வந்தன.

காரணம் இதுதான். அந்த மலிவான இரண்டு இன்ச் பிரிண்டருக்குள் ஆங்கில எழுத்துகளின் வடிவம் பதிந்திருக்கும். தமிழ் எழுத்து எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே சீட்டை போனிலேயே படமாக வரைந்து, அந்தப் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாளில் ஒரு வரிசைக்கு 384 புள்ளிகள். எட்டுப் புள்ளி ஒரு பைட்டுக்குள் அடங்கும். வரிசைக்கு 48 பைட். எந்தப் புள்ளிக்கு 1 போகிறதோ அந்த இடத்தில் பிரிண்டர் சூடு வைக்கும், தாள் கறுக்கும். மை எதுவும் கிடையாது.

இதைச் செய்ய ஆப் இன்வென்டரில் பிளாக் இல்லை. இல்லாத பிளாக்கை நாமே செய்து சேர்த்துக்கொள்ள அங்கே ஒரு வழி உண்டு. அதற்கு 'எக்ஸ்டென்ஷன்' என்று பெயர், தமிழில் நீட்சி. ஜாவா மொழியில் நிரல் எழுதி, அதை ஒரே கோப்பாகக் கட்டினால், யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பைத் தங்கள் ஆப்பில் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றியவுடன் புதிய பிளாக்குகள் பட்டியலில் வந்து நிற்கும். உள்ளே இருக்கும் சில நூறு வரிகள் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் ஓர் ஊதாத் துண்டு மட்டும்தான்.

செமஸ்டர் விடுமுறை முழுவதும் அவள் அதோடுதான் கிடந்தாள். முதல் தமிழ்ச் சீட்டு வந்த நாள் அப்பாவிடம் ஓடினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பனனீர திராடசை... என்னத்தா, புள்ளியெல்லாம் எங்க போச்சு?"

மெய்யெழுத்துகளின் தலையில் இருக்க வேண்டிய புள்ளிகளைக் காணோம். போன் எழுத்தை வரையும்போது ஓரங்களில் சாம்பல் நிறம் பூசும். அப்போதுதான் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். பிரிண்டருக்குச் சாம்பல் தெரியாது, கறுப்பு அல்லது வெள்ளைதான். எவ்வளவு சாம்பலைக் கறுப்பாகக் கொள்வது என்று நிரலில் ஓர் எல்லை வைக்க வேண்டும். அவள் சரிபாதியில் வைத்திருந்தாள். பொடிப் பொடிப் புள்ளிகள் எல்லாம் வெள்ளைப் பக்கம் போய் விழுந்துவிட்டன. எல்லையை நகர்த்தி, எழுத்தைத் தடிமனாக்கி, அளவை ஒரு சுற்றுக் கூட்டிய பிறகு புள்ளிகள் திரும்பி வந்தன.

அடுத்து, நீளமான சீட்டு பாதிக்கு மேல் கிறுக்கலாக வந்தது. பிரிண்டரின் நினைவகம் சிறியது. மொத்தப் படத்தையும் ஒரே மூச்சில் அனுப்பினால் அது திணறியது. துண்டு துண்டாக வெட்டி, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு அனுப்பப் பழக்கினாள். வெயிலில் வைத்தால் சீட்டு மங்கிவிடும் என்பதற்கு மட்டும் அவளிடம் மருந்தில்லை. அந்தத் தாளின் குணம் அப்படி. "வாங்குனதும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்கப்பா" என்றாள்.

அதன் பிறகு அப்பாவுக்கும் மாமாவுக்கும் எடையில் சச்சரவு வரவில்லை. தமிழில் சீட்டு அடிக்க முடியாமல் தன்னைப் போலவே இன்னும் எத்தனையோ பேர் தவிப்பார்கள் என்று நினைத்து, நீட்சியையும் அதன் மூல நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிட்டாள். காசு கேட்கவில்லை. எப்போதாவது யாராவது 'நன்றி சார்' என்று மெயில் அனுப்புவார்கள். 'சார்' என்பதைப் பார்த்து அவளும் அம்மாவும் சிரித்துக்கொள்வார்கள்.

தொடாமலே உடைந்தது

பிரிண்டர் நின்றுபோன அன்று இரவு உட்கார்ந்தாள். அந்த ஆங்கில வரியைப் பிடித்துக்கொண்டு தேடியதில் விஷயம் விளங்கியது.

2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 புளூடூத்துக்குப் புதிய கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்கு முன்பு, ஏற்கெனவே இணைத்து வைத்த பிரிண்டரோடு ஓர் ஆப் பேச, அதை நிறுவும்போது கிடைக்கும் அனுமதியே போதும். புதிய முறையில் ஆப் ஓடும்போது பயனரிடமே நேரில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டுக்கு என்று கட்டப்பட்ட ஆப்புகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவை பழையபடியே ஓடும். அதனால்தான் மாமாவின் ஆப் அவ்வளவு நாள் ஓடியது.

ஆப் எந்த ஆண்ட்ராய்டைக் குறிவைத்துக் கட்டப்பட வேண்டும் என்பதை கூகுள் பிளே ஸ்டோர் ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போகிறது. ஆப் இன்வென்டரும் அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு வரியைச் சேர்ப்பதற்காக அவள் மறுபடி உருவாக்கியபோது, ஆப் புதிய விதிகளின் கீழ் பிறந்துவிட்டது. அவளுடைய நீட்சியோ பழைய விதிகளை மட்டுமே அறிந்தது. வீட்டுக்குப் பட்டா மாற்றப் போனால் புது வரி, புது விதி எல்லாம் சேர்ந்து வருமே, அந்தக் கதைதான்.

அனுமதி கேட்கும் வரிகளைச் சேர்த்தாள். தன் போனில் சரியாக வேலை செய்தது. மாமாவின் போனில் ஏற்றியதும் 'பக்கத்தில் உள்ள சாதனங்களோடு இணைய அனுமதிக்கலாமா' என்று திரையில் கேள்வி வந்தது. மாமா பயந்துபோய் 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டார். இரண்டாவது தடவையும் அதையே அழுத்தினார். அதற்குப் பிறகு போன் கேட்பதையே விட்டுவிட்டது. "எவனோ பக்கத்துல இருந்து நம்ம போனுக்குள்ள வரப்பாக்குறான்னு நெனச்சேன்" என்றார். செட்டிங்ஸுக்குள் போய் அவளே அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. அன்றிரவே ஒரு சின்ன மாற்றம்: அனுமதி கேட்பதற்கு முன்னால் 'பிரிண்டரோடு இணைக்கத்தான் கேட்கிறோம்' என்று தமிழில் ஒரு வரி வரும்படி செய்தாள்.

மாமாவிடம் வேலை பார்க்கும் பையனிடம் இருந்தது பழைய போன். அதில் வேறு மாதிரி உடைந்தது. ஆண்ட்ராய்டு 12-க்கு முந்தைய போனுக்கு இப்படி ஓர் அனுமதி இருப்பதே தெரியாது. தெரியாததைக் கேட்டால் 'கிடையாது' என்று உடனே பதில் சொல்லிவிடும். நீட்சி அதை நம்பி, அனுமதி மறுக்கப்பட்டது என்று அறிவித்து நின்றுவிட்டது. போன் புதியதா பழையதா என்று முதலில் பார், புதியதாக இருந்தால் மட்டும் கேள் என்று எழுதிய பிறகுதான் இரண்டு போனிலும் சீட்டு வந்தது.

நீட்சியை முதலில் செய்தபோது அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இந்த வேலையில் அந்தச் சந்தோஷம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு சீட்டு முன்பு எப்படி வந்ததோ அப்படியே வந்தது. யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி என்பதை அவள் மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டாள்.

வண்டன்மேட்டிலிருந்து ஒரு மெயில்

நீட்சியை மறுபடி திறந்ததில் அவளுக்கு ஒரு பழைய வெட்கம் கண்ணில் பட்டது. முக்கியமான பிளாக்கின் பெயரில் எழுத்துப்பிழை. 'பிரிண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. இவ்வளவு நாள் அதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! கையோடு திருத்தினாள். அனுமதி பிரச்னைக்கான தீர்வையும் இந்தத் திருத்தத்தையும் சேர்த்து, புதிய பதிப்பு என்று வெளியிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் மெயில் வந்தது. எழுதியவர் கம்பம்மெட்டு தாண்டி, இடுக்கி மாவட்டத்து வண்டன்மேடு பக்கத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு வாரக் கூலிச் சீட்டு அடிக்க இந்த நீட்சியைத்தான் இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறார். படமாக வரைந்து அனுப்புவதால் அதற்குத் தமிழும் ஒன்றுதான், மலையாளமும் ஒன்றுதான். அவர் இரண்டிலும் அடிக்கிறார். இதெல்லாம் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

புதிய போன் வாங்கியதும் அவருக்கும் அதே அனுமதி சிக்கல். புதிய பதிப்பு வந்திருக்கிறதே என்று ஆசையாக ஏற்றினார். அவருடைய ஆப்பில் அந்தப் பிளாக் இருந்த இடமெல்லாம் பிழை என்று காட்டியது. பழைய பெயரில் ஒரு பிளாக்கைத் தேடுகிறது. அப்படி ஒன்று இப்போது இல்லை. மொத்தம் முப்பது இடங்களுக்கு மேல். பழைய பதிப்புக்குத் திரும்பினால் புதிய போனில் அனுமதி கிடைக்காது. புதிய பதிப்பில் அவருடைய ஆப்பே உருவாகாது. 'சார், இன்னைக்குச் சம்பள நாள்' என்று முடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் ஏலத்தோட்ட ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு அக்கா கால் சேற்றோடு இறங்கி வந்தார்.

"அக்கா, உங்களுக்குச் சம்பளத்துக்குச் சீட்டு தருவாங்களா?"

"சீட்டா? நோட்டுல எழுதி வச்சிருப்பாக. அவுக சொல்றதுதேன் கணக்கு."

அந்த அக்கா போகும் தோட்டம் வேறு. ஆனால் வண்டன்மேட்டில் யாரோ ஓர் அக்கா, இரண்டு வருடமாகக் கையில் சீட்டு வாங்கிப் பழகியவர், இன்றைக்கு அது இல்லாமல் ஜீப்பில் ஏறியிருப்பார். ஓர் எழுத்துப்பிழைக்கு வெட்கப்பட்டுத் தான் செய்த காரியம் எங்கே போய் நிற்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு வயிற்றைப் பிசைந்தது.

அழித்துவிடாமல் மாற்றுவது

தமிழ்நாட்டு ஊர்களில் பல வீட்டு வாசலில் 'பழைய எண்', 'புதிய எண்' என்று இரண்டும் எழுதியிருக்கும். புது எண் வந்து வருடக்கணக்கானாலும் பழையதை அழிக்க மாட்டார்கள். கரன்ட் பில் ஒன்றில் வரும், ரேஷன் கார்டு இன்னொன்றில் இருக்கும். பழைய எண்ணை நம்பி வருகிற தபால்காரரும் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் செய்ய வேண்டியிருந்ததும் அதைத்தான். ஆப் இன்வென்டரில் அதற்கு வழி இருக்கிறது. ஒரு பிளாக்கை நீக்காமல், 'இது பழையது' என்று மட்டும் குறித்துவிடலாம். புதிதாக வருகிறவர்களுக்குப் பட்டியலில் அது தெரியாது. ஏற்கெனவே பயன்படுத்தியவர்களின் ஆப்பில் அது தொடர்ந்து வேலை செய்யும். பிழையான பெயரைத் திரும்பக் கொண்டுவந்து, உள்ளே சரியான பெயருள்ள பிளாக்கையே கூப்பிடும்படி செய்தாள். பழைய எண்ணைத் தட்டினாலும் அதே கதவுதான் திறக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குள் அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு வரி: 'தவறு என்னுடையது. மன்னிக்கவும்.' திங்கட்கிழமை பதில் வந்தது: 'சீட்டு வருது சார்.'

பெரிய இடங்களிலும் இதுதான் நடைமுறை. குழந்தைகள் விளையாட்டாக நிரல் கற்கும் 'ஸ்கிராட்ச்' சூழலில் 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்பு வந்தது. அதுவரை மற்ற பிளாக்குகளோடு இருந்த 'பேனா' பிளாக்குகளை அதில் தனி நீட்சியாக நகர்த்தினார்கள். ஆனால் பேனா பயன்படுத்திய பழைய படைப்பு ஒன்றைத் திறந்தால் அந்த நீட்சி தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். படம் வரைந்த குழந்தைக்கு எதுவும் காணாமல் போகாது. அதே சமயம், ஃபிளாஷ் தொழில்நுட்பத்தை நம்பிய 'ஸ்கிராட்ச்எக்ஸ்' என்ற சோதனைக் களம் 2020 கடைசியில் ஃபிளாஷோடு சேர்ந்து முடிந்துபோனது. அதற்காகப் பலர் எழுதிய நீட்சிகள் புதிய பதிப்புக்கு அப்படியே வந்து சேரவில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கவாத்து நேரம். அவர் பந்தலுக்கு அடியில் நின்றபடி குச்சிகளைப் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார். முற்றின குச்சி எது, முற்றாதது எது, எத்தனை கணு விடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு அவர் கையில் இருந்தது.

"வெட்டலேன்னா எல தேன் மண்டும், பழம் வராது. ஆனா அழகா இருக்கட்டும்னு வெட்டுனா வெள்ளாம போயிரும். எதுல காய் வரப்போகுதோ அதத் தெரிஞ்சு வெட்டணும்" என்றார். அவர் கொடியைப் பற்றித்தான் சொன்னார்.

அடுத்து யார்?

2025-ல் அவளுக்குத் திருப்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாண வேலைகளுக்கு நடுவில் மாமா தயங்கித் தயங்கி வந்தார்.

"நீ போயிட்டா இந்தச் சீட்டுக்கு யாருத்தா?"

"போன்ல பேசலாம் மாமா. அங்கயிருந்தே சரி பண்ணிரலாம்" என்றாள். ஆனால் கேள்வி அவளை விடவில்லை. ஆண்டுக்கு ஒரு புது ஆண்ட்ராய்டு வருகிறது. ஒவ்வொன்றும் எதையாவது அசைக்கிறது. அவளுக்கு வேலை, குடும்பம், குழந்தை என்று நேரம் சுருங்கும் ஒரு வருடத்தில் ஏதாவது உடைந்தால்?

ஆப் இன்வென்டருக்கே அப்படி ஒரு நாள் வந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் ஹால் ஏபல்சன் கூகுளில் இருந்த காலத்தில் முன்வைத்த யோசனையில் பிறந்த திட்டம் அது. வெளியிட்ட சிறிது காலத்திலேயே, 2011 கடைசியோடு அதை நிறுத்துவதாக கூகுள் முடிவு செய்தது. ஆனால் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. எம்.ஐ.டி. அதை எடுத்துக்கொண்டு, 2012 மார்ச்சில் பொதுமக்களுக்கு மறுபடி திறந்தது. அந்த நிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்தால், மாமாவின் இடுப்பில் அந்த பிரிண்டருக்கு வேலையே வந்திருக்காது.

அவளுடைய மூல நிரலும் திறந்துதான் இருந்தது. ஆனால் திறந்து கிடப்பது வேறு, இன்னொருவர் எடுத்துச் செய்யும்படி இருப்பது வேறு. எந்த வரி எதற்கு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு மாதம், ராத்திரிகளில் அவள் புதிய வசதி எதையும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தமிழில் குறிப்பு எழுதினாள். சாம்பல் எல்லை ஏன் பாதியில் இல்லை. படம் ஏன் துண்டு துண்டாகப் போகிறது. பழைய போனிடம் ஏன் அனுமதி கேட்கக் கூடாது. பிழையான பெயர் ஏன் அப்படியே இருக்க வேண்டும்.

சித்தப்பா மகன் அப்போது பத்தாம் வகுப்பு. அவர்களுடைய அறிவியல் புத்தகத்தின் கடைசியில் 'காட்சித் தொடர்பு' என்று ஒரு பாடம். அதில் ஸ்கிராட்ச் பற்றி வருகிறது. "அக்கா, இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டபடி வந்தவனைத்தான் பிடித்தாள். ஜாவா இப்போதைக்கு அவனுக்குப் புரியாது. ஆனால் சோதித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். உடைந்தால் எங்கே உடைந்தது என்று சொல்லத் தெரிந்தவன் பக்கத்தில் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சுவரில் ஒரு தாளை ஒட்டிக் கொடுத்தாள். ஒன்று, பழைய போனில் அடித்துப் பார். இரண்டு, புதிய போனில் அடித்துப் பார். மூன்று, அனுமதியை 'வேண்டாம்' என்று சொல்லிப் பார். நான்கு, நாற்பது பெட்டிக்கு நீளச் சீட்டு அடித்துப் பார். ஐந்து, பழைய பெயரில் இருக்கும் பிளாக்கை வைத்து அடித்துப் பார். ஆறு, புள்ளிகளை எண்ணு.

அவன் ஐந்தாவதில் நின்றான். "அக்கா, இந்தப் பேருல ஸ்பெல்லிங் தப்பா இருக்கு. நான் வேணா திருத்திரவா?"

"அதத் தொடாத தம்பி. மேல குறிப்பு எழுதியிருக்கேன், படி."

அவன் வாய்க்குள் படித்தான். வண்டன்மேடு, சனிக்கிழமை, சம்பள நாள் எல்லாம் அதில் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஆறாவதுக்குப் போனான்.

பிரிண்டர் கிர்ரென்று சீட்டைத் தள்ளியது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினார்.

"கம்பம்... ரெண்டு. பன்னீர்... அதுல ரெண்டு. திராட்சை... ஒண்ணு. சரியா இருக்குடா."

அவன் தாளில் ஆறாவதுக்கு நேராக ஒரு டிக் அடித்தான்.